கோப்பைக் கையில் கொடுங்கள்

எங்கள் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகிகள் தெரிவு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். பழைய பெயர்களை ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கைதட்டல் எழும். அதன் பிறகு வடையைக் கடித்தபடி, "இளையவர்கள் யாரும் முன்வருவதில்லையே" என்ற புலம்பல். கொழும்பில் நெடுங்காலம் சங்கப் பணியில் இருந்தவன் என்ற முறையில் அதை நான் நம்புவதில்லை. முன்வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பதாகை பிடிக்கும் வேலையும் நாற்காலி அடுக்கும் வேலையும்தான் கிடைத்தன.

1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். உள்ளே இடம் கிடைக்காதவர் வெளியே போய்ப் புதுப் பெயர்ப்பலகை மாட்டிவிடுகிறார். நம் நாட்டில் இத்தனை ஆசிரியர் சங்கங்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

2021ஆம் ஆண்டுப் போராட்டம் இதை வேறு விதமாகக் காட்டியது. ஜூலை 8ஆம் திகதி ஆர்ப்பாட்டத்தில் கைதான இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உள்ளிட்டோர், பிணை கிடைத்த பின்னும் கொரோனாவைக் காரணம் காட்டி முல்லைத்தீவில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். 12ஆம் திகதி இணையவழிக் கற்பித்தலிலிருந்து ஆசிரியர்கள் விலகினார்கள். தலைவர்கள் திரும்பி வரட்டும் என்று காத்திருக்க அப்போது நேரமில்லை. 1997இலிருந்து இழுபட்ட சம்பள முரண்பாட்டைப் பெற்றோருக்கு விளக்கியவர்கள், பாடசாலை அதிபரின் தொலைபேசி மிரட்டலுக்குப் பதில் சொன்னவர்கள், அதுவரை கூட்டத்தில் வாயே திறக்காத பாடசாலைக் கிளைக்காரர்கள். போராட்டம் ஒக்டோபர் வரை நீடித்தது. அது முடிந்ததும் அவர்களில் பலரை மறுபடியும் பின்வரிசைக்கே அனுப்பிவைத்தோம்!

பயிற்சிப் பட்டறைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதியச் சோறும் சான்றிதழும் கிடைக்கும், படம் எடுக்கலாம். ஆனால் ஒருவரைத் தேர்ந்த சங்கத் தொண்டராக்குவது ஒரு சக ஆசிரியரின் கோப்புத்தான். இடமாற்றம், நிலுவைச் சம்பளம், தரமுயர்வு, பிரசவ விடுமுறை என்று எதுவானாலும் சரி, அந்தக் கோப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இளையவரே கொண்டுபோக வேண்டும்.

மலையகத்திலிருந்து மாற்றலாகி வந்த ஓர் இளம் கணித ஆசிரியையிடம் அப்படி ஒரு கோப்பைக் கொடுத்தோம். மாற்றலான இன்னோர் ஆசிரியையின் சம்பள ஏற்றம் நின்றுபோயிருந்தது. சுயவிபரக் கோப்பு பழைய கல்வி வலயத்திலிருந்து வந்து சேரவில்லை. கல்விப் பணிமனைக்கு நானும் போனேன், துணைக்கு மட்டும். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமலே, "கடிதம் மேலே அனுப்பியாயிற்று" என்றார். நானாக இருந்தால் அந்த இடத்தில் குரலை உயர்த்தியிருப்பேன். கணித ஆசிரியையோ சீ.ஆர். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறிய சிங்களத்தில், "எந்தத் திகதி? கடித இலக்கம் என்ன? யார் கையொப்பமிட்டது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பதில் வரும் வரை பேனாவை மூடவில்லை. அங்கே நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றதுதான் எனக்குக் கடினமான வேலை. கடிதம் அனுப்பப்படவே இல்லை என்பது கடைசியில் தெரிந்தது. அன்றே அதை அனுப்பவைத்து, பிரதி ஒன்றையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். நிலுவை கிடைத்த பிறகு ஆசிரியர் ஓய்வறையில் எல்லாரும் அவரைத் தேடித்தான் வந்தார்கள். "சேர், இதை மிஸ்ஸிடமே கேட்கிறேன்" என்று என் முகத்துக்கு நேரேயே ஒருவர் சொன்னார். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

நாட்டின் ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். மேடையில் உட்கார்ந்திருப்பவர்களோ ஆண்கள். ஞாயிறு மாலை கூட்டம் வைத்து இரவு வரை பேசினால், வத்தளைக்கோ தெகிவளைக்கோ பஸ் பிடித்துப் போய்ச் சமைக்க வேண்டியவர் எப்படி வருவார்? ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும், அருகிலேயே, ஒரு மணி நேரம் என்று மாற்றியதும் வருகை கூடியது. பேச்சுகளும் சுருங்கின, அதற்காகவே முன்பே மாற்றியிருக்கலாம். இளம் ஆண் ஆசிரியர்களைப் பிடிப்பதுதான் இன்னும் சிரமம். அவர்களுக்குப் பிற்பகல் முழுவதும் டியூஷன். அந்த வருமானம் இல்லாமல் கொழும்பில் வாடகை கொடுக்க முடியாது என்பதால், குறை சொல்லவும் வாய் வரவில்லை.

மூத்தவர்கள் பதவியை விட்டுக்கொடுத்துவிடுவார்கள், காசோலைப் புத்தகத்தை விடமாட்டார்கள். கணித ஆசிரியை இப்போது கிளைச் செயலாளர். பொறுப்பேற்றதும், வங்கிக் கணக்கில் கையொப்பமிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். நெடுநாளாக யாரும் கேட்காத கேள்வி. படிவம் நிரப்பியாயிற்று, பழைய பொருளாளர் நேரில் வந்து ஒப்பமிட வேண்டுமாம். அவருக்கு முழங்கால் வலி என்று செய்தி வந்திருக்கிறது. படிவத்தோடு அவர் வீட்டுக்கே போவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார்.