பேரிங்குக்கு ஒரு குழி

மார்ச் 2
என் சிறு சி.என்.சி. குடைவு இயந்திரத்தில் மரத்தில் பழகியது போதும், இனி உலோகம். 608 எனும் அளவுள்ள பேரிங் (சுழல்தண்டைத் தாங்கும் குண்டு வளையம்) உட்காரும் தாங்கிதான் முதல் வேலை. 22 மி.மீ. விட்டம், 7 மி.மீ. ஆழம் குடைய வேண்டும். எடுத்திருப்பது 6061 எனும் அலுமினியக் கலப்புலோகத் தகடு. தூய அலுமினியம் இன்னும் மென்மையானது. அந்த மென்மைதான் தொல்லை. சீவலாக உதிராமல் பிசின்போல் கருவியின் பல்லில் அப்பிக்கொள்ளும். கருவி, இரண்டு பல் உள்ள 6 மி.மீ. கார்பைடு எண்ட் மில், அதாவது சுழன்றுகொண்டே பக்கவாட்டிலும் வெட்டும் கடினமான கருவி. மேற்பூச்சு இல்லாததைத் தேடி எடுத்தேன். டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சு எஃகுக்கு அருமை. அலுமினியத்தில் அது ஒட்டுதலைக் கூட்டும்.

மார்ச் 4
கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில் மேடைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, அதில் டயல் கேஜை (நுண் வேறுபாட்டை முள்ளால் காட்டும் அளவி) பொருத்திக் கையால் சுற்றிப் பார்த்தேன். மேடையின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 0.08 மி.மீ. வேறுபாடு. மெல்லிய தகடு செருகி 0.02க்குக் கொண்டுவந்தாயிற்று.

மார்ச் 8
இன்று முழுக்க ஃபீட் கணக்கு, அதாவது கருவி உலோகத்துக்குள் நகரும் வேகம். நிமிடத்துக்கு 10,000 சுற்று, 2 பல், ஒரு பல்லுக்கு 0.03 மி.மீ. பெருக்கினால் நிமிடத்துக்கு 600 மி.மீ. உலோகம் என்ற பயத்தில் பலரும் இதை 150க்குக் குறைக்கச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அப்போது ஒரு பல்லுக்குக் கிடைப்பது 0.0075தான். பல் வெட்டாது, தேய்க்கும், தேய்த்தால் சூடு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்றாலும், அதற்கு வெகு முன்பே இளகிக் கருவியின் பள்ளங்களை அடைத்துவிடும். தடித்த சீவலோ சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு பறந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. பக்கவாட்டில் 0.6 மி.மீ. மட்டும் கடித்தால், அதாவது விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, சீவலின் உண்மையான தடிமன் 0.03 அல்ல, 0.018. ஆகவே ஃபீடை 1,000 வரை உயர்த்தலாம்! இளைத்த சட்டகம் கொண்ட சிறு இயந்திரத்துக்கு இது பெரிய வரம்: பாரம் குறைவு, சீவலோ முழுத் தடிமன். ஓட்டிப் பார்த்தேன். பளபளவென்று சீவல்கள் மூடியில் பட்டுத் தெறித்த சத்தம் எவ்வளவு இனிமை! குழிக்குள் விழுந்ததை மறுபடி அரைக்காதபடி காற்றைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 9
கருவியைக் கவ்வும் கோலெட்டுக்கு வெளியே நீட்டியிருந்த கருவியை 24 மி.மீ.யிலிருந்து 16க்குக் குறைத்தேன். நீளம் பாதியானால் வளைவு எட்டில் ஒரு பங்காகும். இந்தக் குறைப்பிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. கிறீச்சிடல் நின்றது. காசில்லாமல் கிடைக்கும் உறுதியை ஏன் விட வேண்டும்?

மார்ச் 15
கடைசிச் சுற்றுக்கு 0.2 மி.மீ. மிச்சம் வைத்து வெட்டினேன். உள்விட்ட மைக்ரோமீட்டரில் 21.92. சுவர் கருவியைத் தள்ளிவிடுவதால் குழி சிறுத்திருக்கிறது. அதே பாதையில், எதையும் மாற்றாமல், இன்னொரு சுற்று விட்டேன்: 21.96. பிறகு ஆரத்தில் 0.015 திருத்தம்: 21.99. வைஸில் (திருகுப் பிடியில்) வைத்து மெல்ல அழுத்தியதும் பேரிங் இறங்கி உட்கார்ந்தது.

எக்ஸ் வாக்கில் அளந்ததற்கும் ஒய் வாக்கில் அளந்ததற்கும் 0.02 வேறுபாடு இருக்கிறது. ஒய் வாக்கில் மேடையை நகர்த்தும் திருகின் நட்டில் தளர்வு இருக்கும் என்று படுகிறது. அடுத்த வேலை அதைக் கழற்றுவதுதான்.