லா பாம்பா: மூன்று கார்டு, ஓயாத வலது கை

அமெரிக்கப் பாடகர் ரிச்சி வாலன்ஸின் ‘லா பாம்பா’ பாட்டை அக்குஸ்டிக் கிதாரில் பழகிக்கொண்டிருக்கிறேன். தாள வேகம் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 120 தட்டு வரை தடுமாறாமல் வருகிறது. மூலப்பதிவு 140ஐத் தாண்டி ஓடுகிறது.

கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, மூன்றுதான். சி இரண்டு தட்டு, எஃப் இரண்டு தட்டு, அப்புறம் ஜி முழுதாக நான்கு தட்டு. பாட்டு முடியும்வரை இதே சுற்று. பல்லவிக்கென்று தனியாக எதுவும் மாறாது. எஃப்புக்கு முழு பாரே, அதாவது ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடித்தால் மணிக்கட்டு கெஞ்சுகிறது. கீழ் இரண்டு கம்பிகளை ஆள்காட்டி விரலால் அழுத்தும் சின்ன எஃப்பே போதும். இடது கைக்கு அவ்வளவுதான் வேலை. வலது கைக்குத்தான் மூச்சு விட நேரமில்லை.

இந்தப் பாட்டின் ஊர் மெக்சிகோவின் வெராக்ரூஸ். அங்கே சோன் ஹரோச்சோ என்ற நாட்டார் இசையில் ஹரானா என்னும் சிறிய கம்பி வாத்தியத்தை விடாமல் வீசி வாசிப்பார்கள். பலகை மேடையில் குதிகால் தட்டி ஆடுவார்கள். ஹரானாக்காரர்களின் கையைப் பார்த்துப் பார்த்து, முழங்கையை விட்டுவிட்டு மணிக்கட்டிலிருந்து வீசப் பழகிய பிறகுதான் என் வாசிப்பில் கொஞ்சம் துள்ளல் வந்தது.

ரிச்சி 1941இல் லாஸ் ஏஞ்சலஸின் பக்கோய்மாவில் பிறந்தவர். மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர், அதாவது சிக்கானோ. இடதுகைப் பழக்கம் இருந்தும் கிதாரை வலதுகைக்காரர் போலவே வாசித்தார். ஸ்பானிய மொழி அவருக்குச் சரளம் இல்லை. பாட்டின் வரிகளை உறவுக்கார அம்மா ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம். வாலன்சுவேலா என்ற பெயரை வாலன்ஸ் என்று நறுக்கியவர் டெல்-ஃபை இசைத்தட்டு நிறுவனத்தின் பாப் கீன். மெக்சிகன் பெயர் என்றால் வானொலியில் போடமாட்டார்களோ என்ற கணக்கு. பெயரை நறுக்கிய அதே 1958இல், ‘டோனா’ என்ற பாட்டின் இசைத்தட்டுக்குப் பின்பக்கத்தில் முழு ஸ்பானியப் பாட்டான ‘லா பாம்பா’! அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் ‘டோனா’ 2ஆம் இடம், பின்பக்கம் 22. என் காதுக்கு ‘டோனா’ அந்தக் காலத்துப் பாட்டாகவே நின்றுவிட்டது. பின்பக்கத்துக்கு இன்னும் வயதாகவில்லை. 1959 பிப்ரவரி 3 அன்று அயோவாவில் விமானம் விழுந்து ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியோடு ரிச்சியும் போனபோது வயது 17. 1987இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் லாஸ் லோபோஸ் குழு ‘லா பாம்பா’வை வாசித்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

சரி, தொடக்க இசைக்கு வருவோம். பதிவில் அந்தக் கனத்த ஒலி ரெனே ஹால் என்ற கலைஞர் வாசித்த, டேன்எலக்ட்ரோ நிறுவனத்தின் ஆறு கம்பி பேஸ் கிதார். என் கிதாரில் ஏ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்குக் கட்டம்) அதை வாசித்தால் ஒல்லியாகக் கேட்கிறது. உள்ளங்கையின் ஓரத்தை, கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கத்தில் லேசாக வைத்துக்கொண்டால் கொஞ்சம் ‘தொம்’ சேர்கிறது. கம்பியைத் தட்டும் சில்லான பிக்கும் தடிமனாக இருந்தால் நல்லது.

பாடிக்கொண்டே வாசிப்பது 100க்கு மேல் நகர மறுக்கிறது. வாய் ஸ்பானிய அசைகளைத் துரத்தினால் கை ஜியிலேயே தங்கிவிடுகிறது. இப்போதைக்கு வரிகளை மேசையில் தாளம் போட்டுத் தனியாகச் சொல்லிப் பழகுகிறேன். நடுவில் வரும் கிதார் சோலோவை இன்னும் தொடவில்லை.