முணுமுணுப்புக் குறிப்பேடு: ஜூலை 2025

ஜூலை 2, புதன்

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி உட்கார்ந்தேன். எதிர் இருக்கைத் தம்பி கைப்பேசியில் குட்டிக் குட்டி வீடியோவாகத் தள்ளிக்கொண்டிருந்தார். சத்தம் முழுவதும் பெட்டிக்கே பொது. பட்டிமன்றத்தில் ஒரு கைதட்டல், உடனே ஒரு தள்ளல். அடுத்தது யாரோ வெங்காயம் வதக்குகிறார், ஒரு தள்ளல். அடுத்தது மூட்டுவலிக்கு மருந்து சொல்லும் ஒரு சாமியார். சத்தத்தைவிட எனக்கு எரிச்சல், எதையும் அவர் முடிக்க விடாததுதான். சாமியார் "இந்த ஒரே ஒரு இலையை" என்று ஆரம்பித்தபோது கட்டைவிரல் நகர்ந்துவிட்டது. எந்த இலை?

நுங்கம்பாக்கத்தில் ஏறிய ஒரு அம்மா, "தம்பி, கொஞ்சம் குறைச்சுக்கப்பா" என்றார். தம்பியின் கழுத்தில் இயர்போன் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. "சார்ஜ் இல்லம்மா" என்று அதைத் தொட்டுக் காட்டிவிட்டு, ஒரே ஒரு புள்ளி குறைத்தார்.

ஜூலை 4, வெள்ளி

நல்ல சேதியும் எழுத வேண்டும் அல்லவா? சைபர் மோசடி எச்சரிக்கை போன மாதக் கடைசியோடு நின்றது. யாரைக் கூப்பிட்டாலும் மணி அடிப்பதற்கு முன்னால் வந்து, ஓடிபியைச் சொல்லாதீர்கள், 1930-க்குப் புகார் செய்யுங்கள் என்று பாடம் நடத்திய குரல் இப்போது இல்லை. 2020-இல் கொரோனாவுக்காக ஒருவர் இருமிவிட்டுத்தான் நம்மைப் பேசவே விட்டார், ஞாபகம் இருக்கும்.

அறிவுரையில் தப்பில்லை, வந்த நேரம்தான் தப்பு. மோசடிக்காரன் நம்மைக் கூப்பிடுகிறான். எச்சரிக்கையோ நாம் பிறரைக் கூப்பிடும்போது ஒலித்தது. அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டுமா என்று வீட்டுக்குப் பேசப்போகிற என்னை உஷார்ப்படுத்தி யாருக்கு என்ன லாபம்?

ஜூலை 7, திங்கள்

பார்சல் மறுபடியும் எதிர்ச் சாரி வீட்டுக்குப் போய்விட்டது.

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். இங்கே பழைய தெருக்களில் வீட்டுக்கு இரண்டு எண்கள். மாநகராட்சி எப்போதோ கதவு எண்களை மாற்றியது. புதியதை எழுதினார்கள், பழையதை யாரும் அழிக்கவில்லை. அதனால் முகவரி கேட்டால் "புது நம்பர் இது, பழைய நம்பர் அது" என்று இரண்டையும் சொல்ல வேண்டும். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டின் பழைய எண் எதிர்ச் சாரியில் இன்னொரு வீட்டின் புதிய எண். வங்கி, கேஸ், ஆதார் என்று ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த எண்ணைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது. எதிர்ச் சாரி மாமியும் நானும் மாதம் ஒருமுறையாவது தபால் மாற்றிக்கொள்வதில் நல்ல சிநேகம் ஆகிவிட்டோம் என்பது ஒன்றுதான் இதில் வரவு.

இன்று பார்சல் கொண்டுவந்த பையன் முதலில் போன் செய்தார். "அக்கா, லொகேஷன் பின்தெருவைக் காட்டுது."

"பின்தெரு இல்லப்பா. பிள்ளையார் கோயில் தாண்டி, இஸ்திரி வண்டி நிக்கும் பாரு, அதுக்கு அடுத்த கேட்."

"இஸ்திரி வண்டி இல்லையேக்கா."

திங்கள்கிழமை. அவர் ஊருக்குப் போயிருப்பார். நகரும் பொருளை அடையாளமாகச் சொல்லக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடைசியில் ஓடிபியை மட்டும் போனிலேயே வாங்கிக்கொண்டு, பொருளை மாமி வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை கதவு ஏற வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் வீட்டு வாசலில் பொருள் வந்ததற்குச் சாட்சியாக வைத்த எண்ணை, பொருள் வருவதற்கு முன்னாலேயே கேட்டு வாங்குவது இப்போது வழக்கமாகவே ஆகிவிட்டது.

அஞ்சல் துறை போன மே மாதம் டிஜிபின் என்று ஒன்றை வெளியிட்டது. நாட்டையே 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 10 இலக்கக் குறியீடு. 1972 சுதந்திர தினத்தில் வந்த ஆறு இலக்கப் பின்கோடு பேட்டையைச் சொல்லும். இது படுக்கையறையையே சொல்லிவிடும். சந்தோஷம்தான். எனக்கு இருக்கும் ஒரே பயம், இனி வாசலில் மூன்றாவதாக ஒரு பலகையும் தொங்கும், பழைய இரண்டும் அப்படியே இருக்கும்.

ஜூலை 9, புதன்

மருந்துக் கடை. அம்மாவுக்கு ஆறு மாத்திரை போதும் என்றேன். பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தார்கள். காலாவதித் தேதி அச்சடித்த ஓரம் கடைக்காரரிடம், தேதி இல்லாத ஆறு மாத்திரை என்னிடம். 2023 ஆகஸ்டிலிருந்து பெயர்பெற்ற 300 மருந்துகளுக்குக் க்யூஆர் கோடு கட்டாயம், ஸ்கேன் செய்தால் எல்லா விவரமும் வரும். வரட்டும், அதுவும் கத்தரித்த மிச்சத்தில்தான் இருக்கிறது. "அந்தப் பக்கத்திலிருந்து வெட்டிக் கொடுங்களேன்" என்றால், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி பார்க்கிறார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

வேலூர். சித்தி பெண்ணின் வளைகாப்பு.

பேருந்து நிலையத்துக்கு வெளியே டீ குடித்துவிட்டு ஒரு 20 ரூபாய் நோட்டும் ஒரு 10 ரூபாய் நாணயமும் நீட்டினேன். கடைக்காரர் நோட்டை எடுத்துக்கொண்டு நாணயத்தைத் திருப்பி வைத்தார்.

"இது இங்க ஓடாதுங்க."

"சென்னையில எல்லாரும் வாங்கறாங்களே அண்ணே."

"அங்க ஓடும். இங்க ஓடாது."

காலையில் சென்னையில் இதே நாணயத்தைத்தான் எனக்குச் சில்லறையாகக் கொடுத்தார்கள். 135 கிலோமீட்டர் மேற்கே வந்ததும் அது வெறும் பித்தளை வட்டம். எல்லையில் அறிவிப்புப் பலகை வைத்தாலாவது ராணிப்பேட்டையோடு செலவழித்துவிடுவேன்.

கதை பழையது. 2011-இல் ரூபாய்க் குறியீட்டோடு புதிய 10 ரூபாய் நாணயங்கள் வந்தன. பழையவற்றில் பத்துக்கு மேலே 15 கோடுகள், புதியவற்றில் 10 கோடுகள். எது நிஜம், எது போலி என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஆராய்ச்சி கிளம்பியது. 15 கோடு போலி என்று ஒருவர், 10 கோடு போலி என்று இன்னொருவர், கடைசியில் வம்பே வேண்டாம் என்று எல்லாவற்றையும் மறுத்தவர்கள் பலர். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்டது: அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும். சந்தேகமா, 14440-க்கு அழையுங்கள் என்று இலவச எண்ணும் கொடுத்தது. அந்த ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்தவரே நம் தமிழ்நாட்டுக்காரர் உதயகுமார். அது வந்த நாணயம் அவர் ஊர்ப் பக்கத்திலேயே ஓடவில்லை.

இத்தனை விவரமும் எனக்குத் தெரியும். டீக்கடைக்காரருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். "செல்லும்னு எனக்கும் தெரியும்மா, நான் கொடுத்தா மண்டிக்காரன் வாங்க மாட்டேங்கிறானே" என்றார். மண்டிக்காரரைக் கேட்டால் லாரிக்காரரைச் சொல்வார். யாரும் நாணயத்தை நம்பாமல் இல்லை. அடுத்தவர் நம்பமாட்டார் என்று ஒவ்வொருவரும் நம்புகிறார்கள். இதற்கு ரிசர்வ் வங்கி என்ன அறிக்கை விட முடியும்?

வளைகாப்புப் பந்தியில் இதைச் சொன்னதும் ஆளுக்கொரு கதை. 2022-இல் தருமபுரி மாவட்ட இளைஞர் ஒருவர் மூட்டை மூட்டையாக 10 ரூபாய் நாணயம் சேர்த்து சேலத்தில் கார் வாங்கினாரே, அதை யாரோ எடுத்துவிட்டார்கள். எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். நான் அந்த ஷோரூமில் உட்கார்ந்து எண்ணியவர்களை நினைத்துக்கொண்டேன். 2011 நாணயச் சட்டப்படி 1000 ரூபாய் வரைதான் நாணயமாகக் கொடுத்தால் செல்லும், அதற்கு மேல் மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருந்தது. பாவம், விற்பனை ஆசை.

வரும் வழியில் மாமா ஒரு யோசனை சொன்னார். கோயம்பேடு சந்தையில் மஞ்சப்பை தரும் இயந்திரம் இருக்கிறது, 10 ரூபாய் நாணயம் போட்டால் ஒரு துணிப்பை விழும். நாட்டில் இந்த நாணயத்தை முகம் சுளிக்காமல் வாங்குவது அது ஒன்றுதான் என்றார். "வேலூர்ல டீக்கு மஞ்சப்பை கொடுத்தா வாங்குவாங்களா மாமா?" என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

கும்பகோணத்துச் சித்தப்பாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். நாலு நிமிடம். அலுவலகக் கூட்டத்தில் இருந்ததால் கேட்க முடியவில்லை. நாலு நிமிடம் பேச வேண்டிய விஷயம் என்றால் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று கூட்டம் முழுக்க வயிறு கலங்கியது. வெளியே வந்து கேட்டேன். முதல் நிமிடம் சித்தப்பா சித்தியிடம், "இதை அழுத்திக்கிட்டே இருக்கணுமா, விட்டுடலாமா?" என்று கேட்கிறார். இரண்டாவது நிமிடம் நலம் விசாரிப்பு. மூன்றாவதில் குக்கர் விசில். நாலாவதில் விஷயம்: சனிக்கிழமை வருகிறார்.

2021 முதல் வாட்ஸ்அப்பில் இதை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கலாம். சித்தப்பா மாதிரி நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவருக்கு அது கச்சிதம், சாதாரண மனிதர் மாதிரி ஒலிக்கிறார். ஆனாலும் அவருக்குத் தட்டச்சு செய்கிற சிரமம் மிச்சம், எனக்கு நாலு நிமிடமும் நிம்மதியும் செலவு. இந்த மாதம் இதுவரை எழுதியதைப் புரட்டினால் எல்லாமே இந்தக் கணக்குதான்: எதிராளி தன் வேலையில் ஒரு சின்னத் துண்டை நைசாக என் பக்கம் தள்ளிவிடுகிறார். சித்தப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லப்போவதில்லை. அவர் சனிக்கிழமை முறுக்கு கொண்டுவருகிறார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காலை ஐந்தரைக்கே தெருமுனையில் ஸ்பீக்கர் கட்டியாகிவிட்டது. ஒலி மாசு விதிகள் 2000-இலேயே வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. திருவிழாவுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு அனுமதிக்கலாம். எல்லாம் தாளில் அழகாக இருக்கிறது.

அம்மனிடம் எனக்கு ஒரு பிணக்கும் இல்லை. பாட்டும் நல்ல பாட்டுதான். பாட்டுக்கு நடுவே "ஹலோ மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பதை எதற்காக அத்தனை பக்தியோடு சொல்ல வேண்டும்? ஸ்பீக்கர் வேலை செய்கிறது என்பது தெருவுக்கே ஐந்தரைக்குத் தெரிந்துவிட்டது.

ஜூலை 19, சனி

ஆடித் தள்ளுபடி. அதை அறிவிக்கும் எஸ்எம்எஸ் காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

இவ்வளவு பேருக்கு என் எண் எப்படிக் கிடைத்தது என்பது ரகசியமில்லை. இன்று ஒரு துணிக்கடையில் இரண்டு உள்பாவாடை வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண் விலையைச் சொல்வதற்கு முன்னாலேயே, "நம்பர் சொல்லுங்க மேடம்" என்றார்.

"எதுக்கும்மா?"

"பில் போடறதுக்கு."

"நம்பர் இல்லாம பில் வராதா?"

"சிஸ்டம் எடுக்காது மேடம்."

எண் தராவிட்டால் பொருள் தரமாட்டோம் என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சொல்லிவிட்டது. அதை அந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன பயன்? காலை ஒன்பதிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார். எனக்குப் பின்னால் நின்ற கூட்டத்தின் பெருமூச்சு என் கழுத்தில் பட்டது. நான் வாயை மூடிக்கொண்டு சிரித்தபடி நின்றேன். அரை நிமிடத்தில் அவரே பத்து ஒன்பதுகளைத் தட்டினார். சிஸ்டம் சமர்த்தாக எடுத்துக்கொண்டது.

உபயோகமாக ஒன்று: இப்போதெல்லாம் இப்படி வரும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். பி என்றால் விளம்பரம், ஜி என்றால் அரசு, எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை. பதிவு செய்யாத சாதாரண எண்ணிலிருந்து விளம்பரம் வந்தால் ஏழு நாளுக்குள் 1909-க்குப் புகார் செய்யலாம். முன்பு மூன்று நாள்தான் அவகாசம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இந்தப் பிப்ரவரியில் நீட்டியது. "பர்சனல் லோன் வேணுமா சார்?" என்று கேட்டவர்மேல் மத்தியானம் ஒரு புகார் பதிந்தேன். கடன் வேணுமா என்றதற்காக இல்லை, சார் என்றதற்காக.

ஜூலை 22, செவ்வாய்

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார்: "தண்ணி லாரி வந்துடுச்சா?" பதிலாக வந்தவை: காலை வணக்கம் ரோஜா, கும்பிடும் கை, கட்டைவிரல், "எனக்கும் அதே சந்தேகம்", இன்னொரு ரோஜா. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

சினிமா. டிக்கெட்டில் ஆறரை மணி. ஆறரைக்கு நகைக்கடை, ஆறே முக்காலுக்குச் சிமென்ட், அப்புறம் இன்னொரு நகைக்கடை. நம் காசில் டிக்கெட் வாங்கி, நமக்கே விளம்பரம். பெங்களூரில் ஒருவர் இதற்காக வழக்கே போட்டார், 25 நிமிடம் விளம்பரம் ஓட்டி என் நேரத்தை வீணாக்கினார்கள் என்று. நுகர்வோர் மன்றம் இந்தப் பிப்ரவரியில் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, திரையரங்க நிறுவனத்தை 1 லட்ச ரூபாய் நுகர்வோர் நல நிதிக்குக் கட்டச் சொன்னது. மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. நான் யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் என் தங்கை எதிர்க்கட்சி. விளம்பரம் ஓடட்டும், அந்த நேரத்தில்தான் நாம் பாப்கார்ன் வரிசையில் நின்று வர முடியும் என்கிறாள். போனாள். படம் ஆரம்பித்து நாயகன் அறிமுகமும் முடிந்த பிறகு, ஒரு வரிசை முழுக்கக் கால்களை மிதித்துக்கொண்டு, "சாரி, சாரிங்க, கொஞ்சம் வழி" என்று இரண்டு டப்பாவோடு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதல் கேள்வி:

"என்ன ஆச்சு? முதல்ல இருந்து சொல்லு."