கேதாரத்துக்கு ஒரு சம்புடம் நெய்

தேவாரம் படிக்கிற வீடுகளுக்குத் திருக்கேதாரம், அதாவது இமயமலையில் இருக்கும் கேதார்நாத், புதிய பெயரில்லை. சம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியில் இருந்தபடியே பாடிய தலம் என்பார்கள். அந்தப் பதிகங்களை அந்த ஈசன் முன்னாலேயே நின்று பாட வேண்டும் என்பது எங்கள் கூட்டத்துக்கு வெகுநாள் ஆசை. காரைக்குடிப் பக்கத்துச் சேக்காளிகள் நாங்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள்.

அட்சய திருதியையை ஒட்டித்தான் அங்கே நடை திறக்கும். பனி உருகுமுன் போய்விட வேண்டும் என்று மே மாதமே கிளம்பினோம். இங்கே கத்திரி வெயிலில் செம்மண் பொட்டல் கொதிக்கிறது. கௌரிகுண்டத்தில் வாயைத் திறந்தால் புகை வருகிறது.

அங்கிருந்து 16 கிலோமீட்டர் ஏற்றம். முன்பு 14 தான். 2013 ஜூன் வெள்ளத்தில் வழியில் இருந்த ராம்பாடா என்ற ஊரே அடித்துக்கொண்டு போன பிறகு, பாதையை மந்தாகினி ஆற்றின் மறுகரைக்கு மாற்றிவிட்டார்கள். லிஞ்சோலி நெருங்கும்போது பனி வந்தது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு வெட்டிவிட்ட பனிச்சுவர். காலடியில் கிடப்பது வெள்ளைப் பனி இல்லை. குதிரைச் சாணமும் சேறும் கலந்து பழுப்பாக வழுக்குகிறது. தடியை ஊன்றி, அது நின்ற பிறகுதான் அடுத்த அடி.

பழனி நடையில் எங்கள் வழக்கம், மெதுவாக நடப்பவர் முன்னால் போவது. இங்கும் கூட்டத்தில் மூத்த அண்ணனை முன்னால் விட்டோம்.

“அண்ணே, கொஞ்சம் உக்காந்து எந்திரிப்போமா?”

“உக்காந்தா கால் பிடிச்சுக்கும்டா. மெல்ல நடப்போம்.”

எதிரே இறங்கி வந்தவர்கள் “ஜெய் கேதார்” என்றார்கள். எங்கள் வாயில் “அரோகரா” தான் வந்தது. அவர்களும் சிரித்துக்கொண்டே கைகூப்பினார்கள்.

மறுநாள் விடியற்காலை தரிசனம். கேதாரத்தில் காலை நேரத்தில் பக்தர்களே இறைவனைத் தொட்டு நெய் சாத்தலாம். நம் நகரத்தார் கோயில்களில் அர்த்த மண்டபத்துக்கு வெளியே நின்று கும்பிட்டே வளர்ந்த எனக்கு, அதை நினைத்தாலே உடம்பு சிலிர்த்தது. வீட்டு ஆச்சி வெண்ணெய் காய்ச்சிக் கொடுத்த நெய் ஒரு எவர்சில்வர் சம்புடத்தில் இருந்தது. குளிரில் கல்லாக உறைந்து, விரலால் சுரண்டினாலும் வரவில்லை. சம்புடத்தைச் சால்வைக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வரிசையில் நின்றேன். ஓரம் இளகியதும் எடுத்து உள்ளங்கையில் தேய்த்தேன். ஆச்சி போட்ட முருங்கையிலை வாசனை எழுந்தது.

இங்கே சுவாமி உருட்டித் திரட்டிய லிங்க பாணம் இல்லை. முக்கோணமாக எழுந்த பாறை. நெய்க் கையை வைத்ததும் சில்லென்ற குளிர் தோள் வரை ஏறியது. அப்புறம் பாட வந்த பதிகம் பாதியில் நின்றது. மூத்த அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தார், எல்லாரும் சேர்ந்து முடித்தோம். தலைமைப் பூசகரான ராவல் கர்நாடகத்து வீரசைவ மரபினர் என்பது தெரிந்ததும், நம் தெற்குக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவை நினைத்துப் பூரித்துப்போனேன்.

கோயிலுக்குப் பின்னால் பீம் சிலாவையும் கும்பிட்டோம். 2013 வெள்ளத்தில் உருண்டு வந்து நின்று, தண்ணீரை இரண்டாகப் பிரித்துக் கோயிலைக் காத்த பாறை அது.

மூட்டு வலியுள்ள ஆச்சிமார் மனம் தளர வேண்டாம். தீபாவளி கழிந்து நடை சாத்தியதும் உற்சவர் ஊகிமடம் ஓங்காரேஸ்வரர் கோயிலுக்கு இறங்கி வந்துவிடுவார். குளிர்கால ஆறு மாதமும் பூஜை அங்கேதான். ஊகிமடம் வரை வண்டி போகும். கம்பளிச் சால்வை மட்டும் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.