கிருமி செத்தாலும் நச்சு இருக்கும்: எலைசா பிராக்டிக்கலுக்குப் போகும் முன்

எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் கடைசி செமஸ்டர் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கேட்ட முதல் கேள்வி: "பால் பவுடர்ல ஸ்டேஃபைலோகாக்கஸ் வளரவே இல்ல. பாதுகாப்பானதுன்னு எழுதிடலாமாம்மா?" எழுதலாம் சார் என்றேன். அவர் ரெக்கார்டை மூடி வைத்துவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காய்ச்சினால் ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி செத்துவிடும். அதற்கு முன்பே அது சுரந்துவிட்ட என்டரோடாக்சின் என்ற நச்சு கொதிநிலையிலும் எளிதில் அழியாது. 2000-ஆம் ஆண்டு ஜப்பானின் ஒசாகா பகுதியில் கொழுப்பு குறைத்த பால் குடித்து 13,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அதில் சேர்த்த பால் பவுடர் ஹொக்கைடோவில் தயாரானது. அங்கே மின்தடையின்போது பால் வெதுவெதுப்பாகவே நின்றதில் கிருமி பெருகியிருந்தது. பிறகு சூடாக்கியதில் கிருமி செத்தது. ஏ வகை நச்சு மட்டும் பவுடரில் தங்கிவிட்டது. ஒருவர் உட்கொண்டது ஏறக்குறைய 20 முதல் 100 நானோகிராம்தான் என்று கணக்கிட்டார்கள். இந்த ஒரு சம்பவத்தை ஊன்றிப் படித்தால் பாதி வைவா முடிந்தது.

பேர்ட்-பார்க்கர் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் வளையம் கட்டிய கறுப்புக் காலனி வந்தால் கிருமி இருக்கிறது என்று கொள்ளலாம். பி.சி.ஆர். நச்சுக்கான மரபணுவைக் காட்டும். நச்சு சுரந்ததா என்று சொல்லாது. நச்சையே பிடிப்பது எலைசா: நச்சோடு ஒட்டும் ஆன்டிபாடியையும் நிறம் உண்டாக்கும் என்சைமையும் வைத்துச் செய்யும் சோதனை. அளவு மிகக் குறைவு என்பதால், உணவை அரைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்த சாற்றை டயாலிசிஸ் பையில் ஊற்றி, வெளியே பாலிஎத்திலீன் கிளைக்கால் வைத்து நீரை இழுத்து அடர்த்தியாக்குவார்கள். "ஏன் இந்தப் படி?" என்று கேட்டால் அந்த நானோகிராம் கணக்கைச் சொல்லுங்கள்.

பிராக்டிக்கலில் எல்லாவற்றையும்விடக் கழுவுவதில் கவனம் வையுங்கள். மாதிரித் தேர்வில் என் நெகட்டிவ் கன்ட்ரோல் குழியே (நச்சே இல்லாத, நிறம் வரக் கூடாத குழி) நீலமாகிவிட்டது. அவசரத்தில் கடைசிக் கழுவலுக்குப் பிறகு தட்டைக் கவிழ்த்து டிஷ்யூவில் நன்றாகத் தட்டவில்லை. குழி விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு துளி என்சைம் இணைத்த ஆன்டிபாடி போதும், நிறம் தரும் டி.எம்.பி. கரைசலை ஊற்றியதும் நீலம் ஏறிவிடும். அமிலம் விட்டு மஞ்சளாக்கி 450 நானோமீட்டரில் படிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கன்ட்ரோல் கெட்டால் மற்றக் குழிகளின் எண்களுக்கு மதிப்பில்லை. மறைக்காமல் சொல்லி, திரும்பச் செய்யுங்கள்.

பொய் பாசிட்டிவுக்கு, அதாவது நச்சு இல்லாமலே நிறம் வருவதற்கு, இரண்டு காரணங்களாவது கையில் இருக்கட்டும். இந்தக் கிருமியின் புரோட்டீன் ஏ, ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடித்துக்கொள்ளும். பச்சைக் காய்கறியில் இயல்பாகவே உள்ள பெராக்சிடேஸ் என்சைம் தானே நிறம் காட்டும்.

முடிவு எழுதும்போது 'நச்சு இல்லை' என்று எழுத வேண்டாம். 'இம்முறையின் கண்டறியும் எல்லையில் நச்சு தென்படவில்லை' என்றே எழுதுங்கள். உடனே அந்த எல்லை எவ்வளவு என்று கேட்பார்கள். கிட்டோடு வரும் தாளில் அச்சிட்டிருக்கும். உள்ளே போகும் முன் பார்த்துவிட்டுப் போங்கள்.