2012 மேக்புக் ப்ரோவில் வெஞ்சுரா: கிராபிக்ஸ், ஒரு கேபிள்

மாமா கொடுத்த 13 அங்குல மேக்புக் ப்ரோ, 2012 மாடல். இதற்கு ஆப்பிள் தந்த கடைசி மேக்ஓஎஸ் 10.15 கேட்டலினா. அதில் சில புது பிரவுசர்கள் ஏற மறுக்கின்றன. ஆனால் 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போட்ட இயந்திரத்தைப் பரணில் ஏற்ற மனம் வரவில்லை. ஆப்பிள் கைவிட்ட பழைய மேக்குகளில் புது மேக்ஓஎஸ்ஸை ஏற்ற உதவும் ஓப்பன்கோர் லெகசி பேட்சர் மூலம் மேக்ஓஎஸ் 13 வெஞ்சுராவை ஏற்றிவிட்டேன்.

ஏற்றுவது பெரிய வேலை இல்லை. பேட்சரே இன்ஸ்டாலரை இறக்கி யூஎஸ்பியில் எழுதித் தருகிறது. அதே யூஎஸ்பியில், ஓஎஸ்ஸுக்கு முன் எழும்பும் ஓப்பன்கோரையும் போட்டு, ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் 'ஈஎஃப்ஐ பூட்' என்று ஒன்று தெரியும். முதலில் அது, அப்புறம்தான் இன்ஸ்டாலர். வரிசை மாறினால் குறுக்குக் கோடு போட்ட வட்டம்தான் வரும்.

வெஞ்சுரா ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள பிராசசரை எதிர்பார்க்கிறது. இந்த மேக்கின் ஐவி பிரிட்ஜ் பிராசசரில் அது கிடையாது. ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் இன்டெல் மென்பொருளை ஓட்டும் ரொசெட்டாவுக்காக, ஏவிஎக்ஸ்2 தேவைப்படாத கோப்புத் தொகுப்பு ஒன்றை ஆப்பிளே வைத்திருக்கிறது. பேட்சர் அதை எடுத்து இங்கே போட்டுவிடுகிறது. இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

முதல் தடவை டெஸ்க்டாப் வந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை. விண்டோவை இழுத்தால் துண்டு துண்டாக நகர்கிறது, டாக்கில் கண்ணாடித் தன்மை போய்விட்டது, கிராபிக்ஸ் மெமரி என்று சில எம்பி மட்டும் காட்டுகிறது. இது எதுவும் கோளாறு அல்ல. எச்டி 4000 கிராபிக்ஸுக்கான டிரைவரை வெஞ்சுராவுக்கு முந்தைய மான்டரேயிலேயே ஆப்பிள் எடுத்துவிட்டது. பழைய டிரைவரைச் சிஸ்டம் டிஸ்க்கிலேயே திரும்ப எழுத வேண்டும். அதற்குப் பெயர் ரூட் பேட்ச். அதற்குக் கெர்னல் டீபக் கிட் என்ற ஆப்பிளின் கோப்புத் தொகுப்பை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இந்த மாடலில் ஈதர்நெட் துளை உண்டு. ரௌட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்தேன், பேட்ச் ஓடியது, ரீஸ்டார்ட். கிராபிக்ஸ் மெமரி 1536 எம்பி ஆகிவிட்டது.

சரி, முடிந்தது என்று பார்த்தால் புதுத் தலைவலி. வேலைக்கு நடுவே வண்ணச் சக்கரம் சுற்றும், எல்லாம் உறையும். சில நேரம் பூட் செய்தால் கேள்விக்குறி போட்ட ஃபோல்டர். ஆதரவு இல்லாத ஓஎஸ்ஸில் எது நடந்தாலும் பழி பேட்ச் மேல்தான் விழும். ஆனால் கேள்விக்குறி ஃபோல்டர் டிரைவர் பிரச்சினையாக இருக்க முடியாது. ஓஎஸ்ஸே எழும்பாத கட்டம் அது, டிஸ்க்கைத்தான் ஃபர்ம்வேர் தேடிக்கொண்டிருக்கிறது.

எஸ்எஸ்டி தன் நலம் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்தேன். 199ஆம் வரி, யூடிஎம்ஏ சிஆர்சி எரர் கவுண்ட்: வழியில் தரவு கெட்டுப்போன தடவைகளின் எண்ணிக்கை. ஒரு பெரிய ஃபோல்டரைக் காப்பி செய்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் எண் ஏறியிருக்கிறது. கெட்ட செக்டர் வரிகள் எல்லாம் பூஜ்யம். அப்படியென்றால் எஸ்எஸ்டி நல்லது, போர்டிலிருந்து அதற்கு வரும் வழியில்தான் தரவு கெடுகிறது. உறுதி செய்ய எஸ்எஸ்டியைக் கழற்றி யூஎஸ்பி உறைக்குள் போட்டு வெளியிலிருந்து பூட் செய்தேன். அதே வெஞ்சுரா, அதே பேட்ச், ஒரு தடவைகூட உறையவில்லை.

எஸ்எஸ்டியைப் போர்டுடன் இணைக்கும், காகிதம் போல மெல்லிய சாட்டா கேபிள், வருடக்கணக்கில் அலுமினிய உடம்பில் உரசி உள்ளே தேய்ந்திருக்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் புதிது வாங்கினேன்; 821-2049-ஏ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பின்னால் வந்த வடிவம் அதுதான். அடித்தட்டில் பத்துத் திருகுகள், அதில் மூன்று மட்டும் நீளம், தனியாக வையுங்கள். பேட்டரி கனெக்டரை முதலில் பிடுங்கிவிடுங்கள். புது கேபிளுக்கு அடியில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன், இனி உரசாது. 199ஆம் வரி அன்றைக்கு நின்ற எண்ணிலேயே நிற்கிறது.

ஓப்பன்கோரை உள் டிஸ்க்குக்கே மாற்றியாயிற்று, யூஎஸ்பி வேண்டாம். ஆட்டோமேட்டிக் அப்டேட்டை அணைத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அப்டேட்டும் ரூட் பேட்சைத் துடைத்துவிடும், கிராபிக்ஸ் மறுபடி போய்விடும், பேட்சைத் திரும்ப ஓட்ட வேண்டும். சிஸ்டம் கோப்புகள் மாறவில்லை என்று காட்டும் ஆப்பிளின் முத்திரை ரூட் பேட்சால் உடைந்திருப்பதால் சின்ன அப்டேட்டுக்கும் முழு ஓஎஸ்ஸே இறங்குகிறது, அதனால் அன்லிமிடெட் இணைப்பு உள்ள நாளில்தான் தொடுவேன். சிஸ்டம் கோப்புகளை யாரும் மாற்றாமல் காக்கும் எஸ்ஐபி பாதுகாப்பையும் தளர்த்தியாக வேண்டியிருப்பதால் வங்கி வேலை எதையும் இதில் செய்வதில்லை.

வீடியோ கால் பேசினால் ஃபேன் இரைகிறது. அடுத்தது தெர்மல் பேஸ்ட். அதை மாற்றிய பிறகு, வெஞ்சுராவுக்கு அடுத்த பதிப்பான சோனோமாவைப் பற்றி யோசிக்கலாம்.