போன பிங் திரும்பவில்லை

நெட்வொர்க் கண்காணிப்பில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே சிஸ்கோ பரீட்சைக்குப் படித்த காலம் அது. பழைய லேப்டாப்பில் ஜிஎன்எஸ்3 என்ற நெட்வொர்க் எமுலேட்டரைப் போட்டு மூன்று ரூட்டர்களை எழுப்புவதற்குள் ஃபேன் கதறும். ஆர்1 ஹப் (மையம்), ஆர்2-வும் ஆர்3-யும் ஸ்போக் (மையத்தோடு மட்டும் இணைந்த கிளைகள்), நடுவில் அவற்றை விர்ச்சுவல் இணைப்புகளால் சேர்க்கும் ஃப்ரேம் ரிலே ஸ்விட்ச். மூன்றுக்கும் ஒரே சப்நெட் (ஒரே முகவரிக் குழு): 10.1.1.1, .2, .3. மேலே ஈஐஜிஆர்பி, ரூட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் ப்ரோட்டோகால்.

முதல் சிக்கல் புத்தகத்தில் உள்ளதுதான். ஆர்2-வின் லூப்பேக்குக்கான (ரூட்டருக்குள்ளேயே இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸ்) ரூட் ஆர்3-க்கு வரவில்லை. ஒரு இன்டர்ஃபேஸில் கேட்ட ரூட்டை ரூட்டர் அதே இன்டர்ஃபேஸில் திருப்பிச் சொல்லாது, அந்த விதியின் பெயர் ஸ்ப்ளிட் ஹொரைசன். ஹப்பில் 'நோ ஐபி ஸ்ப்ளிட்-ஹொரைசன்' அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஈஐஜிஆர்பிக்கு அதன் பெயரையும் ஏஎஸ் எண்ணையும் சேர்த்துத் தனியாகச் சொல்ல வேண்டுமாம். அரை மணி நேரம் காலி.

சரி, ரூட் வந்துவிட்டது. ஆர்2-விலிருந்து ஆர்3-யின் லூப்பேக் 3.3.3.3-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்தால் ஐந்து புள்ளிகள், ஒன்றுக்கும் பதில் இல்லை. ரூட்டிங் டேபிளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ரூட் இருக்கிறது, நெக்ஸ்ட் ஹாப் (அடுத்து போக வேண்டிய ரூட்டர்) ஹப்தான், ஹப்புக்கு பிங் போகிறது. எமுலேட்டர் மேல் பழி போட்டு எல்லாவற்றையும் ரீலோட் செய்து, கான்ஃபிகை அழித்துத் திரும்ப எழுதி, இரண்டு மணி நேரம் ஓடியது. பக்கத்து சீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்த அட்ரஸ்ல இருந்துடா அடிக்கிற?"

லூப்பேக்கை சோர்ஸாக வைத்து அடித்தேன். ஐந்து ஆச்சரியக்குறிகள், ஐந்துக்கும் பதில்!

சோர்ஸ் சொல்லாவிட்டால் ரூட்டர் வெளியே போகும் சீரியலின் முகவரியைத்தான் போடும். பாக்கெட் ஹப் வழியாக ஆர்3-க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் போக வேண்டியது 10.1.1.2-க்கு. அது தன் சப்நெட்டிலேயே இருப்பதால் ஆர்3 ரூட்டிங் டேபிளில் ஹப்பைத் தேடாது, நேராக அனுப்பப் பார்க்கும், ஆனால் அந்த ஐபிக்கு எந்த டிஎல்சிஐ (ஃப்ரேம் ரிலே இணைப்பின் எண்) என்று அதற்குத் தெரியாது. அதைத் தானாகக் கண்டுபிடிக்கும் இன்வர்ஸ் ஆர்ப், பிவிசியின் (ஃப்ரேம் ரிலேயின் நிரந்தர விர்ச்சுவல் இணைப்பு) மறுமுனையில் இருப்பவரை மட்டுமே அறிமுகப்படுத்தும், ஸ்போக்குக்கு அது ஹப் மட்டும்தான். 'என்கேப்சுலேஷன் ஃபெயில்ட்' என்று ஆர்3-யின் டீபக் கத்திக்கொண்டிருந்திருக்கும், நான் அதுவரை டீபக் போட்டதெல்லாம் ஆர்2-வில்.

இரண்டு ஸ்போக்கிலும் ஒன்றுக்கொன்று 'ஃப்ரேம்-ரிலே மேப்' (இந்த ஐபிக்கு இந்த டிஎல்சிஐ என்று கையால் சொல்வது) எழுதினேன், ஓடியது. சேவ் செய்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் லேபைத் திறந்தால் ஹப்புக்கே பிங் போகவில்லை. ஒரு டிஎல்சிஐயில் ஐபிக்கு ஸ்டாட்டிக் மேப் எழுதினால் அதில் இன்வர்ஸ் ஆர்ப் நின்றுவிடும். பழைய டைனமிக் மேப் ரீலோட் வரை ஒட்டிக்கொண்டு இருந்ததால்தான் முந்தின இரவு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது. ஹப்புக்கும் மேப் எழுதினேன். பிங் போனது, ஆனால் ஈஐஜிஆர்பி நெய்பர் மட்டும் வருவதும் 'ரீட்ரை லிமிட் எக்ஸீடட்' என்று போவதுமாக இருந்தது. மேப் வரியின் கடைசியில் 'பிராட்காஸ்ட்' என்று எழுத மறந்திருக்கிறேன், ஈஐஜிஆர்பியின் மல்டிகாஸ்ட் முகவரியான 224.0.0.10-க்குப் போக வேண்டிய ஹலோ பாக்கெட் கிளம்பவே இல்லை. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு மணி நேரம், அதற்குள் ஷிஃப்டுக்கு வண்டி வந்துவிட்டது.